பிறர் உழைப்பை எடைபோடும் தகுதி

ஒருவர் ஓராண்டு உழைத்த உழைப்பை இன்னொருவர் எடைபோட்டு, அதற்கு ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ சூட்டி, அதை வைத்துச் சம்பள உயர்வையும் பதவி உயர்வையும் முடிவுசெய்வது பணி மதிப்பீடு. அலுவலகப் பேச்சில் அதற்கு ‘அப்ரைசல்’ என்றே பெயர். மனிதவளத் துறையினர் இதைப் படிவம், கால அட்டவணை, கூட்டம், கையெழுத்து என்று ஒரு நடைமுறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் படிவத்தை நிரப்ப உட்காரும் மேலாளர், அறவியலின் மிகப் பழைய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் உட்காருகிறார். ஒரு மனிதரை இன்னொரு மனிதர் தீர்ப்பிடலாமா? தீர்ப்பிடலாம் என்றால் எந்தத் தகுதியில்? தீர்ப்புக்கு உள்ளாகிறவர் கண்முன் இல்லாமல், வேறோர் ஊரில் தம் வீட்டிலிருந்து வேலை செய்பவராக இருந்தால் அந்தத் தகுதி போதுமா?

டக்ளஸ் மெக்ரெகர் என்ற அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் 1957இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ’ இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை நேராகத் தொட்டது. மேலாளர்கள் மதிப்பீட்டைத் தட்டிக்கழிப்பதற்குச் சோம்பலை மட்டும் அவர் காரணமாகக் கொள்ளவில்லை. சக மனிதரின் மதிப்பை அளந்து சொல்லும்போது தாங்கள் கடவுளின் இடத்தில் உட்கார்ந்துவிட்டதுபோல அவர்களுக்கு ஒரு கூச்சம் வருகிறது. மனித மாண்பை மதிக்கிறவர்களுக்கு அது இயல்பு என்று அவர் கருதினார். அந்தக் கூச்சத்தைக் குறையாக எண்ணிப் போக்கப் பார்ப்பது தவறு. மேலாளரைத் தயார்செய்யும் வேலை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சமயங்கள் அந்தக் கூச்சத்தை எப்போதும் மதித்தே வந்திருக்கின்றன. மலைப்பொழிவில் இயேசு பிறரைத் தீர்ப்பிடாதிருக்கச் சொல்கிறார். இஸ்லாம் கடைசிக் கணக்கை மறுமை நாளில் இறைவனிடம் விடுகிறது. இந்து மரபில் அந்த வேலை யமனுடையது. ஆனாலும் இதே சமயங்கள் மனிதர்களுக்கு நடுவே நீதிபதிகளையும் நியமித்தன. விவிலியத்தில் மோசே வழக்குகளைத் தீர்க்கத் தகுந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறார். இஸ்லாமிய சமூகங்களில் காஜிகள் இருந்தார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆளின் முழு மதிப்பைச் சொல்லும் உரிமை மனிதருக்கு இல்லை என்றும், ஒரு செயல் சரியாக நடந்ததா என்று பார்க்கும் கடமை மனிதருக்கு உண்டு என்றும் இந்த மரபுகள் பிரித்துவைத்தன.

மதிப்பீட்டுப் படிவங்களில் தினமும் மீறப்படுவது இந்தப் பிரிவினைதான். “பொறுப்பற்றவர்” என்று எழுதுவது ஆளைப் பற்றிய தீர்ப்பு. “மார்ச் மாதத்தில் மூன்று வாரம், வெள்ளிக்கிழமை தர வேண்டிய அறிக்கை திங்கட்கிழமைதான் வந்தது” என்று எழுதுவது செயலைப் பற்றிய குறிப்பு. முதலாவதை மறுக்க ஒரு பணியாளர் தம் வாழ்க்கை முழுவதையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவதை மறுக்க ஒரு மின்னஞ்சலைக் காட்டினால் போதும். அல்லது அந்த மூன்று வாரமும் தமக்கு வர வேண்டிய தகவல் ஏன் வரவில்லை என்று சொன்னால் போதும். மறுப்புக்கு இடம்கொடுக்கும் வாக்கியத்தை எழுதப் பழக்குவது பயிற்சியின் முதல் பாடம். இது நடையழகு சார்ந்த அறிவுரை போலத் தோன்றலாம். உண்மையில், மேலாளர் தமக்கு உரிமை உள்ள எல்லைக்குள் நிற்கக் கற்றுக்கொள்வது இங்கேதான்.

ஆட்களை ஆராய்ந்து அறிவதைப் பற்றித் தமிழில் முறையாகப் பேசும் இடம் திருக்குறளின் பொருட்பால். ‘தெரிந்து தெளிதல்’ 51ஆம் அதிகாரம். தகுந்தவரை ஆராய்ந்து வேலையில் அமர்த்தும் ‘தெரிந்து வினையாடல்’ 52ஆம் அதிகாரம். அவற்றுக்கு முன் எவை வருகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 44ஆம் அதிகாரமான ‘குற்றங்கடிதல்’ ஆள்பவன் தன் குற்றங்களைக் களைவதைப் பேசுகிறது. பிறகு வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. அவை போரையும் அரச வினையையும் மனத்தில் வைத்தவை. அலுவலகத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் வைப்புமுறை தெளிவாக இருக்கிறது. அளப்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்கிறான். பிறகு வினையின் வலிமையையும் காலத்தையும் இடத்தையும் கணக்கிடுகிறான். இவ்வளவும் முடிந்த பிறகே ஆளை ஆராயும் அதிகாரம் வருகிறது. இன்றைய அப்ரைசல் பயிற்சிகளில் பெரும்பாலானவை 51இல் தொடங்கி 51இலேயே முடிந்துவிடுகின்றன. நடுவு நிலைமையைப் பற்றிய 12ஆம் அதிகாரம் அரசியலில் இல்லாமல் இல்லறவியலில் இருப்பதும் கவனத்துக்கு உரியது. நடுநிலை பதவியோடு வந்து சேரும் அதிகாரம் அல்ல, வீட்டிலேயே பழக வேண்டிய ஒழுக்கம் என்ற கருத்து அந்த இடவைப்பில் இருக்கிறது.

காலத்தையும் இடத்தையும் கணக்கில் கொள்ளாமல் ஆளை அளந்தால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு பெட்டி மணிகளை வைத்துக் காட்டிவந்தார். 1900இல் பிறந்து 1993இல் மறைந்த இந்தப் புள்ளியியல் அறிஞர், போருக்குப் பிந்திய ஜப்பானியத் தொழில்துறைக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்தவர். அவருடைய கருத்தரங்குகளில் பெட்டிக்குள் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்து கிடக்கும். கேட்டிருப்பவர்களிலிருந்து ஆறு பேர் தொழிலாளர்களாக மேடைக்கு வருவார்கள். 50 குழிகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டிக்குள் செருகி எடுப்பது அவர்கள் வேலை. வெள்ளை மணி நல்ல பொருள், சிவப்பு மணி பழுது. சராசரியாக ஒவ்வொரு தட்டிலும் பத்துச் சிவப்பு மணிகள் வரும் என்பது கணக்கு. டெமிங் மேற்பார்வையாளர் வேடத்தில் நின்று, ஆறு சிவப்போடு வந்தவரைப் பாராட்டுவார், பதினான்கோடு வந்தவரைக் கண்டிப்பார். மறுசுற்றில் பாராட்டுப் பெற்றவரின் தட்டில் சிவப்பு கூடும், கண்டிக்கப்பட்டவருக்குக் குறையும். கண்டிப்பு வேலைசெய்துவிட்டது என்று மேற்பார்வையாளர் மகிழ்வார். கடைசியில் மோசமான மூவரை வேலையைவிட்டு நீக்கி, சிறந்த மூவரை மட்டும் வைத்து உற்பத்தி தொடரும். சிவப்பு மணிகள் முன்பு வந்த அளவிலேயே வந்துகொண்டிருக்கும்.

அந்த அறையில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் திறமைசாலியும் இல்லை. மணிகளின் விகிதத்தை முடிவுசெய்தவர் பெட்டியை நிரப்பியவர். ஊழியரை ஆண்டுக்கொரு முறை தரப்படுத்தும் வழக்கத்தை மேற்கத்திய நிர்வாகத்தின் கொடிய நோய்களில் ஒன்றாக டெமிங் தம் நூலில் எழுதியதற்கு இந்தப் புரிதலே அடிப்படை. வேலையின் விளைவுகளில் பெரும்பங்கு அமைப்பிலிருந்து வருகிறது, ஆளிடமிருந்து வருவது சிறுபங்கு என்பது அவர் நிலை.

மெய்யியலில் இதற்கு இணையான விவாதம் 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் ஒரே அரங்கில் வைத்த கட்டுரைகளோடு தொடங்கியது. தன் கையில் இல்லாதவற்றுக்காக ஒருவரைப் பழிக்கவோ புகழவோ கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் நடைமுறையில் தீர்ப்புகள் விளைவைப் பார்த்தே மாறுகின்றன. வண்டியின் பிரேக்கைச் சோதிக்காமல் கிளம்பும் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவரின் பாதையில் குழந்தை குறுக்கே வருகிறது, மற்றவரின் பாதையில் வரவில்லை. இருவரின் கவனக்குறைவும் ஒன்றே. உலகம் ஒருவரைத்தான் குற்றவாளி என்கிறது. விற்பனைப் பிரிவில் நல்ல வட்டாரம் கிடைத்தவரும் வறண்ட வட்டாரம் கிடைத்தவரும் ஆண்டு முடிவில் நிற்பது இப்படியொரு நிலையில்தான்.

செயலில் உரிமை உண்டு, பலனில் இல்லை என்று கீதை சொல்வதை மேலாளர்கள் ஊழியரின் ஊதிய எதிர்பார்ப்பை அடக்கப் பயன்படுத்துவதுண்டு. அந்தப் போதனை அளப்பவரை நோக்கியும் திரும்ப வேண்டும். பலன் ஊழியரின் கையில் முழுதாக இல்லை என்றால், பலனை மட்டும் வைத்து அவரை அளப்பது எப்படி நியாயமாகும்? அதற்காக, விளைவையே பார்க்கக் கூடாது என்று முடிவுகட்டவும் முடியாது. தவறான மருந்தைக் கொடுத்துவிட்ட செவிலியர் நல்லெண்ணத்தோடு கொடுத்தார் என்பதால் நோயாளிக்கு நேர்ந்தது மாறிவிடாது. தயாரான மேலாளர் விளைவை எடுத்துக்கொண்டு, அதில் ஆளின் பங்கு எவ்வளவு, பெட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கப் பழகியிருப்பார். அதே வேலையை அதே சூழலில் வேறொருவர் செய்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பது அவர் ஒவ்வொரு படிவத்திலும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அடுத்தது அளப்பவரின் கண். உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் வெளியிட்ட ஆய்வில், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியே கொடுத்த மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போயின. நிமிர்ந்து நிற்பவர் அறிவாளியாகவும் நல்லவராகவும் தெரிந்தார். ஒரு குணத்தின் ஒளி மற்ற எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும் இந்தப் பிழை அதன்பின் நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஸ்கல்லன், மவுன்ட், காஃப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களுக்கு அவர்களின் மேலதிகாரிகளும் சக பணியாளர்களும் கீழ்ப்பணியாளர்களும் கொடுத்த மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தபோது, மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது தெரிந்தது. ஒருவருக்குக் கிடைக்கும் எண், அவரைக் காட்டுவதைவிட அதைப் போட்டவரையே அதிகம் காட்டுகிறது.

இதைக் கேட்டவுடன், மேலாளர்களுக்கு அவர்களின் சாய்வுகளைச் சொல்லி எச்சரித்தால் போதும் என்று தோன்றும். பல நிறுவனங்கள் அதைத்தான் செய்கின்றன: தாராளம் காட்டாதீர்கள், கடுமை காட்டாதீர்கள், எல்லோருக்கும் நடு மதிப்பெண் போடாதீர்கள் என்று ஒரு பிற்பகல் வகுப்பு. இந்தப் பயிற்சி பலிக்கவில்லை என்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பெர்னார்டின் என்ற ஆய்வாளர் தம் சகாக்களோடு நடத்திய ஆய்வுகளில், இப்படிப் பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண்கள் பரவலாக மாறினவே தவிர உண்மைக்கு நெருங்கவில்லை. சில நேரம் விலகிப்போயின. ஒரு சாய்வைத் தவிர்க்கும் அவசரத்தில் மேலாளர் எதிர்த்திசையில் சாய்ந்துவிடுகிறார்.

பலன் தந்த முறை வேறு. அளவுகோலை மேலாளர்கள் கூடி உட்கார்ந்து பொதுவாக்கிக்கொள்வது அது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்றை எடுத்துக்கொண்டால், பத்து மேலாளர்களுக்கும் ஒரே உரையாடலின் பதிவு கொடுக்கப்படுகிறது. ஊழியர் வாடிக்கையாளரின் கோபத்தைப் பொறுமையாகக் கேட்கிறார், தீர்வையும் சரியாகச் சொல்கிறார், ஆனால் புகாரைப் பதிவுசெய்யாமல் விட்டுவிடுகிறார். ஒவ்வொருவரும் தனியே மதிப்பெண் போட்ட பிறகு எண்கள் பலகையில் எழுதப்படுகின்றன. ஒருவர் ஐந்துக்கு நாலு போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு. இரண்டு போட்டவருக்குப் பதிவு விட்டுப்போனது பெரிதாகப் பட்டது. நாலு போட்டவர் பேச்சின் பண்பைப் பார்த்தார். அந்த வேலையில் எதற்கு எவ்வளவு எடை என்று விவாதித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்து, அடுத்த பதிவை அந்த அளவுகோலால் அளக்கிறார்கள். வித்தியாசம் குறையும்வரை இது தொடர்கிறது. மதிப்பீட்டாளர் பயிற்சிகளை ஒப்பிட்டு 1994இல் வூர், ஹஃப்கட் இருவரும் செய்த தொகுப்பாய்வில் துல்லியத்தை உயர்த்துவதில் இம்முறையே முன்னிலையில் நின்றது. அறவியல் நோக்கிலும் இதற்கு மதிப்பு உண்டு. தம் கண்ணை மட்டும் நம்பாமல், பிறர் கண்ணோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளும் அடக்கத்தை இது மேலாளருக்குப் பழக்குகிறது.

கண்ணைச் சரிசெய்த பிறகும் நினைவு மிஞ்சி நிற்கிறது. மார்ச் மாதம் எழுதப்படும் மதிப்பீட்டில் பிப்ரவரி பெரிதாகவும் முந்தைய ஜூன் மங்கலாகவும் இருக்கும். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. எழுத்தாணியும் ஏடுமாக அவர் அமர்ந்திருக்கிறார். மரபில் கணக்கு எழுதுபவர் சித்திரகுப்தர், தீர்ப்புச் சொல்பவர் யமன். எழுதும் நேரமும் தீர்ப்பு நேரமும் வேறு, செய்யும் ஆளும் வேறு. அலுவலகத்தில் இரண்டையும் ஒரே ஆள், ஒரே மாலையில், நினைவிலிருந்து செய்கிறார். ஆளைப் பிரிக்க முடியாவிட்டாலும் நேரத்தைப் பிரிக்க முடியும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரி, நடந்ததை மட்டும், கருத்துக் கலக்காமல் எழுதிவைப்பது போதும். ஜான் ஃபிளனகன் 1954இல் முறைப்படுத்திய முக்கிய நிகழ்வுக் குறிப்பு முறையின் சாரமும் இதுவே. நல்லதும் அல்லதும் நடந்த அன்றே தாளில் ஏறினால், ஆண்டு முடிவில் தீர்ப்புச் சொல்லும் மனம் தன் வசதிக்கு நினைவைத் திருத்த முடியாது.

இதுவரை சொன்ன எல்லாக் கோணல்களும், ஊழியர் கண்முன் இல்லாதபோது பெருகுகின்றன. எல்ஸ்பாக், கேபிள், ஷெர்மன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அலுவலகத்தில் ஒருவரைப் பார்ப்பது மட்டுமே அவரைப் பற்றிய கருத்தை உருவாக்கிவிடுகிறது என்று காட்டியது. அவர் என்ன செய்கிறார் என்று தெரியாமலே, வழக்கமான நேரத்தில் இருக்கையில் காணப்படுபவர் பொறுப்பானவராகவும், நேரம் கடந்தும் காணப்படுபவர் அர்ப்பணிப்பு உள்ளவராகவும் பார்ப்பவர் மனத்தில் தாமாகப் பதிந்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இந்த வரவு எதுவும் இல்லை.

ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் ப்ளூமும் சகாக்களும் நடத்திய பரிசோதனை இதை எண்களில் காட்டுகிறது. தொலைபேசிச் சேவைப் பிரிவில் விருப்பம் தெரிவித்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் ஒன்பது மாதம், வாரத்துக்கு நாலு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். மற்றவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது, வேலையை விட்டுச் செல்வோர் விகிதம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரே அளவு செயல்திறன் உள்ளவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்புக் குறைந்திருந்தது. 2015இல் வெளியான இந்த ஆய்வில் அலுவலகத்தில் ஆட்களோடு பழகும் திறமை போன்ற வேறு விளக்கங்களுக்கும் இடம் உண்டு. ஆனாலும் அதே அளவு செயல்திறன் காட்டியவருக்கு உயர்வு வாய்ப்புக் குறைந்தது என்ற செய்தி அப்படியே நிற்கிறது. அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த இரண்டாவது பரிசோதனை 2024இல் வெளியானது. அங்கே வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டு வேலை. மதிப்பீட்டு மதிப்பெண்ணிலும் பதவி உயர்விலும் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தொடக்கத்தில் உற்பத்தித்திறன் குறையும் என்று எண்ணிய மேலாளர்கள், நேரில் பார்த்த பிறகு சற்றே கூடும் என்ற கருத்துக்கு மாறியிருந்தார்கள். முகம் அவ்வப்போது தெரிந்துகொண்டிருந்தால் அநீதி குறைகிறது என்றால், முகமே தெரியாதவருக்கு மேலாளர் எவ்வளவு கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பது விளங்கும்.

அந்தக் கவனத்தின் இயல்பை ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட ‘நன்மையின் இறைமை’ என்ற நூலில் ஒரு மாமியார், மருமகளை வைத்து விளக்கினார். மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. பண்பாடு போதாது, சத்தம் போடுகிறாள், சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்கிறார். ஆனால் நடத்தையில் எந்தக் குறையும் வைப்பதில்லை, மரியாதையாகவே நடத்துகிறார். காலப்போக்கில், தான் பழைமைவாதியாக இருக்கலாம், பொறாமைகூட இருக்கலாம், இன்னொரு முறை பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றுகிறது. பார்க்கப் பார்க்க மருமகள் எளிமையானவளாக, கலகலப்பானவளாக, இளமைத் துள்ளல் உள்ளவளாகத் தெரிகிறாள். இந்தக் கதையில் மர்டாக் வேண்டுமென்றே ஒரு நிபந்தனை வைத்தார்: மருமகள் அங்கே இல்லை. வெளிநாடு போய்விட்டாள், அல்லது இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மாமியாரின் வெளி நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை, மருமகளும் மாறவில்லை. ஆனாலும் அறத்தின் பக்கம் ஏதோ ஒன்று உண்மையாக நடந்திருக்கிறது என்பது அவர் வாதம். நேர்மையான பார்வை என்பது கண்முன் இருப்பவரைச் சார்ந்தது அல்ல, பார்ப்பவர் மனத்துக்குள் செய்யும் உழைப்பு. தொலைவில் உள்ள பணியாளரை மதிப்பிடும் மேலாளருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் மெய்யியலில் வேறு இல்லை.

இந்த உழைப்புக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் கண்காணிப்பை வைத்தன. விசைப்பலகைத் தட்டல்களை எண்ணும் மென்பொருள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படமெடுக்கும் செயலி, அரட்டைச் செயலியில் பெயருக்கு அருகே பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் வழக்கம். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: சுட்டியை அசைத்துக்கொண்டிருக்கும் சின்னக் கருவிகள் சந்தைக்கு வந்தன, 2024இல் ஒரு பெரிய அமெரிக்க வங்கி விசைப்பலகையில் போலி அசைவு காட்டியதற்காகச் சிலரை வேலையைவிட்டு நீக்கியது. குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம்கூட, ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. தட்டல்களை எண்ணும் மென்பொருளின் சாட்சியத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. யோசித்துக்கொண்டிருக்கும் மனிதரை அது சும்மா இருப்பவர் என்று பதிவுசெய்கிறது. மேலும், உடல் அசைவதே உழைப்பு என்ற பழைய பிழையைத்தான் அது தொலைவுக்கும் நீட்டுகிறது.

தொலைவில் இருப்பவரை நேர்மையாக மதிப்பிடத் தேவையானவை எளியவை; ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை. எது முடிந்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே இருவரும் ஒப்புக்கொண்டு எழுத்தில் இருக்க வேண்டும். அவருடைய வேலையைக் கையில் வாங்குகிறவர்களிடம், மற்ற துறைக்காரரிடமும் வாடிக்கையாளரிடமும், கேட்டறிய வேண்டும். பழுது வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை தனிக்கவனம் கேட்பது. இரவில் ஓடும் கணக்குநிரல் ஆண்டு முழுவதும் ஒரு முறையும் நிற்காமல் ஓடியதென்றால், மதுரையிலோ நாகர்கோவிலிலோ ஒருவர் அதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டிருந்தார் என்று பொருள். நிரல் நின்றபோது அலுவலகத்தில் ஓடியாடிச் சரிசெய்தவர்தான் எல்லோர் நினைவிலும் இருப்பார். மதிப்பெண்களை ஒப்படைக்கும் முன், பட்டியலின் மேல்பாதியில் அலுவலகம் வருகிறவர்கள் மட்டுமே நிற்கிறார்களா என்று மேலாளர் பார்த்து, நின்றால் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுத வேண்டும். மின்தடையும் இணையத் தடங்கலும் பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு மணிகள். அவற்றை ஆளின் கணக்கில் எழுதக் கூடாது.

எல்லோரையும் ஒரு வளைவுக்குள் அடக்கி, இத்தனை விழுக்காட்டினர் கடைசி வரிசையில் இருந்தே ஆக வேண்டும் என்று விதிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் அதைப் பெயர்பெற வைத்தார். மைக்ரோசாஃப்ட் 2013இல் அதைக் கைவிட்டது. வழக்கைக் கேட்பதற்கு முன்பே தண்டனைகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யும் முறையில் மேலாளரைத் தயார்செய்வதற்கு எதுவுமில்லை.

தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு, அது யாரைப் பற்றியதோ அவருக்குத் தெரிய வேண்டுமா என்ற கேள்வி இந்தியாவில் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. அரசு ஊழியர்களின் ஆண்டறிக்கை நெடுங்காலம் ரகசிய அறிக்கையாகவே இருந்தது. பாதகமான குறிப்புகள் மட்டும் தெரிவிக்கப்பட்டன. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் ஒருவருக்கு 1993-94ஆம் ஆண்டுக்கு ‘நன்று’ என்ற குறிப்பு இருந்தது. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ தேவைப்பட்டது. ‘நன்று’ பாதகமான சொல் இல்லை என்பதால் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை; அந்தச் சொல்லாலேயே உயர்வு கிடைக்காமல் போயிற்று. தேவ் தத் வழக்கு எனப்படும் இதில், 2008 மே மாதம் நீதிமன்றம், பாதகமோ சாதகமோ எந்தக் குறிப்பானாலும் உரிய காலத்தில் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றது; தெரிவிக்காமல் வைத்திருப்பது இயற்கை நீதிக்கும் அரசமைப்பின் 14ஆவது பிரிவுக்கும் முரண் என்றது. தீர்ப்பு வரும்போது அந்தப் பொறியாளர் ஓய்வுபெற்றிருந்தார். 2009 மே மாதம் மத்திய அரசு முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டி, முறையிட 15 நாள் தரும் விதியைக் கொண்டுவந்தது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இந்த நிலையை உறுதிசெய்தது. படைத்துறைக்கு மட்டும் விலக்கு உண்டு.

காட்டுவது எப்படி என்பது அடுத்தது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் நடந்த ஆய்வொன்றை மேயர், கே, ஃபிரெஞ்ச் மூவரும் 1965இல் வெளியிட்டார்கள். குறை சொல்லச் சொல்ல ஊழியர்கள் தற்காப்பில் இறங்கினார்கள், வேலை மேம்படவில்லை. பாராட்டும் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. சம்பளப் பேச்சையும் வளர்ச்சிப் பேச்சையும் வேறு வேறு நாளில் வைக்கும்படி அவர்கள் பரிந்துரைத்தார்கள். 1996இல் க்ளூகர், டினிசி இருவரும் செய்த தொகுப்பாய்வில், கருத்துச் சொல்வது சராசரியாக நன்மை தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேரங்களில் செயல்திறனைக் குறைத்திருந்தது. பேச்சு வேலையைவிட்டு ஆளின்மேல் திரும்பும்போது கெடுதல் நேர்கிறது. ஆளையும் செயலையும் பிரித்துவைத்த பழைய அறிவு இங்கே ஆய்வு முடிவாகத் திரும்ப வருகிறது. தொலைவில் உள்ளவரிடம் இந்தப் பேச்சை மின்னஞ்சலில் முடித்துவிடக் கூடாது. எழுதிய மதிப்பீட்டை இரண்டு நாள் முன்பே அனுப்பி, நேரத்தை அவரே தேர்ந்தெடுக்க விட வேண்டும். ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகளும் மாமனாரும் கேட்டுக்கொண்டிருக்க, தன் குறைகளைப் பற்றிய பேச்சுக்கு ஒருவர் பதில் சொல்ல நேர்வது அவருடைய மாண்புக்கு இழைக்கும் கேடு.

தேவ் தத் தீர்ப்பின் கடமை அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனத்தில் முழு மதிப்பீட்டையும் காட்டுவதும் முறையீட்டுக்கு நாள் கொடுப்பதும் நிறுவனத்தின் விருப்பம். அந்த 15 நாளைத் தங்கள் விதிப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளத் தனியார் நிறுவனங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. எழுதிக்கொள்ள வேண்டும். மேலாளராக உயர்த்தப்படும் எவரும், அளவுகோலைச் சகாக்களோடு ஒத்துப்பார்க்கும் பயிற்சி முடியும்வரை, யாருடைய மதிப்பீட்டுப் படிவத்திலும் கையெழுத்திடக் கூடாது என்ற விதியையும் அதற்குக் கீழே சேர்த்துக்கொள்ள வேண்டும்.